சாளை அவியலும் சாமைச் சோறும்: உங்க வீட்டுல என்ன நடந்துச்சு?

தக்கலைக்காரி:
ஆறு மாசம் ஆச்சு, இன்னும் மனசுல கெடக்கு. அப்பாக்கு சுகர் கூடி, ராத்திரி சோத்தக் கொறைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாவ, நான் சாமை வாங்கிட்டு கடியப்பட்டணம் வீட்டுக்குப் போய், கரையில அன்னிக்கு வந்த சாளைய, அதான் மத்தி மீன, மண்சட்டில அவியல் வச்சு, முருங்கக்கீரை தொவரனும் வச்சேன். எல்லாருக்கும் தெரிஞ்ச அரைப்புதான், பாதி மாங்கா போட்டேன், எண்ண கடைசில ஒரு ஸ்பூன். அப்பா முப்பது வருசம் வள்ளத்துல போனவிய. சாளைய முள்ளு மட்டும் மிச்சம் வச்சுத் தின்னாவ. சாமைய வெரலால ஓரமா ஒதுக்கி ஒதுக்கி, அதுக்கு மேல மாங்காத் துண்ட வச்சு மறைச்சாவ, நான் பாத்துரக் கூடாதுன்னு. "நல்லாருக்கு மக்களே"ன்னு வேற சொன்னாவ. அந்த மாங்காத் துண்டு இன்னும் கண்ணுல நிக்குது.

திங்கள்சந்தை மயினி:
எக்கா, சாமை மேல குத்தம் இல்ல, அவியலோட வச்சதுதான் சரியில்ல. அவியல்ல சாறு கெடையாது, சாமை தொண்டைல அடைக்கும். எங்க மாமியும் மொத நாளு தட்டத் தள்ளி வச்சாவ. சாமைய இருவது நிமிசம் ஊற வச்சு, ஒரு கப்புக்கு ரெண்டு கப் தண்ணி, தீயக் கொறச்சு மூடி வச்சு வேவ விடுங்க, எறக்குன பொறவும் பத்து நிமிசம் மூடியத் தொறக்காதீங்க, அப்பதான் பொலபொலன்னு வரும். கூட புளி ஊத்துன மீன்கறி வைங்க, வழுதலங்காவோ முருங்கக்காவோ போடுங்க. மொத ரெண்டு வாரம் பாதி சம்பா அரிசி பாதி சாமை, நாக்கு பழகணும்லா.

குளச்சல் மருமவன்:
சாமை சாமைங்கிய, மீன் ஐஸ்ல இருந்துச்சான்னு யாரும் கேக்கலையே. போன ஜூலைல, நம்ம பக்கம் மீன்பிடி தடைக்காலம், வெளிய இருந்து வண்டில வந்த அயிலை மீன மத்தியானம் மூணு மணிக்கு ரோட்டோரம் வாங்குனேன், ஐஸ் ஒரு துண்டு கெடையாது. நல்லமிளகு தடவி வாழையிலைல பொதிஞ்சு சுட்டு, குதிரைவாலிச் சோறும் வெண்டக்காயும் வச்சேன். மொத வாயிலேயே வீட்டுக்காரி நாக்கு சுள்ளுங்குன்னா, நான் மிளகு கூடிட்டுன்னு நெனச்சேன். கொஞ்ச நேரத்துல காதும் கழுத்தும் செம்பருத்தி மாதிரி செவந்து தடிச்சு, ஆசுபத்திரிக்கு ஓடுனோம். வெயில்ல கெடந்தா அயிலை, சூரை, சாளைல ஹிஸ்டமின்னு ஒரு நஞ்சு ஊறிரும், எவ்வளவு வேவிச்சாலும் போவாதுன்னு அங்க சொன்னாவ. அந்தச் சுள்ளு மிளகு இல்ல, அதுதான். அவ "போதும்"னு சொன்னப்ப நான் இன்னொரு துண்டு வச்சேன் பாருங்க, அத நெனச்சா இப்பவும் தாங்கல.

வடசேரிக்காரன்:
மருமவனே, தடை மேற்குக் கரைக்குதான் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கெழக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, அதுக்குப் பொறவு கன்னியாகுமரி பக்கத்து சின்னமுட்டத்துல விசைப்படகு கடலுக்குப் போவும், ஜூலைல அங்க வாங்கிருக்கலாம். செவுளு செவப்பா இருக்கா, அமுக்குனா சதை திரும்ப எழும்புதான்னு பாருங்க, ஆனா ஹிஸ்டமின் கண்ணுக்குத் தெரியாது, ஐஸ் இல்லன்னா வாங்காதீங்க. மயினி சொன்னதுலயும் ஒண்ணு, சாமையும் மாவுச்சத்துதான், குமிச்சுத் தின்னா சுகர் ஏறத்தான் செய்யும். தட்டுல பாதிக்கு காய், கால்பங்கு மீனு, கால்பங்குதான் சோறு, அது தவிடு போவாத சம்பாவா இருந்தா என்ன கொறஞ்சிரும்? வயசான மனுசன ஏன் சாமைக்கு இழுக்கணும்?

தக்கலைக்காரி:
அண்ணே, மயினி, ரெண்டு பேரும் சொன்னது கொள்ளாம், ஆனா நான் பக்குவம் கேக்கல. அதுக்குப் பொறவு அங்க சாமை வடிக்கவே இல்ல. நேத்து அம்மா போன் பண்ணுனாவ, மிச்ச சாமை அப்படியே டப்பால இருக்காம், கோழிக்குப் போடட்டான்னு கேட்டதுக்கு அப்பா "வேண்டாம், அவ வந்தா வடிப்பா"ன்னு சொன்னாவளாம்.