மலக்குடல் கட்டிக்குள் எலும்பைப் பார்த்திருக்கிறீர்களா?

நோயியல் மருத்துவர்:
அறுவை செய்து எடுத்த மலக்குடலை வெட்டிக்கொண்டிருந்தேன். கட்டியின் நடுவே கத்தி நறநறவென்று நின்றது. கால்சியம் படிவாக இருக்கும் என்று நினைத்து அப்படியே பாரஃபின் மெழுகில் பதித்துவிட்டோம். அதுதான் தவறு. திசுவை மெல்லிய ஏடுகளாகச் சீவும் மைக்ரோடோம் கருவியின் கத்தி விளிம்பு பழுதாகி, சீவிய ஏடெல்லாம் கோடு கோடாகக் கிழிந்தது. மற்றொரு துண்டை ஃபார்மிக் அமிலத்தில் ஊறவைத்துக் கால்சியத்தை நீக்கிய பிறகே ஸ்லைடு ஒழுங்காக வந்தது.

சளி தேங்கிய புற்றுச் சுரப்பிகளுக்கு இடையே இளஞ்சிவப்பு நிறத்தில் எலும்புச் சட்டங்கள்! குழிகளில் எலும்புச் செல்கள், ஓரத்தில் வரிசையாக ஆஸ்டியோபிளாஸ்டுகள், அதாவது எலும்பை ஆக்கும் செல்கள். வெறும் படிவு அல்ல, அசல் எலும்பு. எலும்பை உருவாக்கும் புற்றான ஆஸ்டியோசார்கோமாவோ என்ற அச்சத்தில் ஒவ்வொரு செல்லாகத் தேடினேன். உட்கருக்கள் ஒரே அளவில், எந்தக் கோளாறும் இல்லாமல் இருந்தன. புற்றுச் செல்கள் எலும்பாக மாறவில்லை. அவற்றைச் சூழ்ந்த இணைப்புத் திசுச் செல்களே எலும்பு ஆக்கும் செல்களாக மாறியிருந்தன. இதையே எலும்பு மெட்டாபிளேசியா என்கிறோம். அமெரிக்க எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்டின் 1965 ஆய்விலிருந்து தெரியவந்த எலும்பு உருவாக்கப் புரதங்களைக் கட்டிச் செல்கள் சுரப்பது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது பரவலான கருத்து. சளி மிகுந்த கட்டிகளில் இதைச் சற்றுக் கூடுதலாகக் காண்கிறோம். குடலின் உட்சுவரில் முளைக்கும் புற்றல்லாத பாலிப்பிலும் வருவதுண்டு. மலக்குடல் புற்றுநோயின் நிலைகளை வகுத்த கத்பர்ட் டியூக்ஸ் 1939-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அறிக்கையின் முடிவில், ‘இது எலும்புக்குப் பரவிய நோய் அல்ல’ என்று ஒரு வரி சேர்த்தேன். நீங்கள் கண்டவற்றையும் எழுதுங்கள்.

கதிரியக்க மருத்துவர்:
நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். சி.டி. படத்தில் மலக்குடலில் பளீரென்று ஒரு வெள்ளைத் துண்டு. விழுங்கிய எலும்பு சிக்கியிருக்கலாம் என்று எழுதிவிட்டேன். குடல் நோக்கியில் பார்த்தவர்கள் கட்டியைக் கண்டார்கள். அந்த வெண்மை அதன் உள்ளே இருந்தது. அதற்குப் பிறகு, வெள்ளையைச் சுற்றிக் குடல் சுவர் தடித்திருக்கிறதா என்று பார்க்காமல் எந்த அறிக்கையிலும் கையெழுத்திடுவதில்லை.

நோயாளியின் மகள்:
டாக்டர், நீங்கள் சேர்த்த அந்த ஒரு வரி எங்கள் அம்மாவின் அறிக்கையில் இல்லை. ‘எலும்பு’ என்ற சொல் மட்டுமே இருந்தது. மருத்துவரைப் பார்க்க நான்கு நாட்கள் இருந்தன. அந்த நான்கு நாட்களும் நோய் எலும்புவரை போய்விட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் சொல்லவும் முடியவில்லை, அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. பிறகு மருத்துவர் படம் வரைந்து விளக்கினார்: கட்டி குடல் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, நிணநீர் முடிச்சுகளுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் போயிருக்கிறதா என்பதை வைத்தே நிலையைக் கணிக்கிறார்கள், உள்ளே எலும்பு இருப்பது அந்தக் கணக்கில் சேராது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

நோயியல் மருத்துவர்:
படித்ததும் மனம் கனத்துவிட்டது, அம்மா. அறிக்கையை முதலில் திறப்பது வீட்டில் இருப்பவர்தான் என்பதை நாங்கள் மறந்துவிடுகிறோம். அந்த வரியை எங்கள் ஆய்வக அறிக்கைப் படிவத்திலேயே நிரந்தரமாகச் சேர்க்க நாளை பேசுகிறேன். உங்கள் தாயார் இப்போது எப்படி இருக்கிறார்?

நோயாளியின் மகள்:
கீமோ நடக்கிறது, டாக்டர். நேற்று தானாக எழுந்து சிறிது தூரம் நடந்தார்.