1957 நூர்பர்க்ரிங்: ஃபாஞ்சியோ ஏன் நடுவில் நிறுத்தினார்?

கேள்வி: ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் நடந்த 1957 ஃபார்முலா 1 பந்தயத்தில், ஃபெராரி கார்கள் நிற்காமல் ஓடியபோது ஃபாஞ்சியோ மட்டும் பிட்டுக்குள் (எரிபொருள் நிரப்பி டயர் மாற்றும் இடம்) வந்தது ஏன்? அது தேவையில்லாத ஆபத்து இல்லையா?

பதில் 1: அவருடைய மசெராட்டி 250எஃப் பாதி டேங்க் எரிபொருளோடு கிளம்பியது. எடை குறைவு, டயரும் மென்மையானது. முதலிலேயே அரை நிமிடம் முன்னிலை எடுத்துவிட்டு, 12வது சுற்றின் முடிவில் நிறுத்தலாம் என்பது திட்டம். முன்னிலையும் கிடைத்தது. ஆனால் பிட்டில் வேலை இழுத்துவிட்டது. வெளியே வரும்போது ஃபெராரி ஓட்டிய ஹாதார்னும் காலின்ஸும் முக்கால் நிமிடத்துக்கும் மேல் முன்னால் போயிருந்தார்கள்.

பதில் 2: அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு உயிர். ஒரு சுற்றே கிட்டத்தட்ட 23 கிலோமீட்டர், காட்டுக்குள் வளைவுக்கு மேல் வளைவு. தகுதிச் சுற்றில் அவருடைய நேரம் 9 நிமிடம் 25.6 விநாடி. பந்தயத்திலோ 9:17.4! 46 வயது மனிதர் தன் நேரத்தையே எட்டு விநாடி உடைத்திருக்கிறார். வழக்கமாக கியர் குறைக்கும் வளைவுகளிலும் மேல் கியரிலேயே போனாராம். 21வது சுற்றில் இருவரையும் முந்தி, 3.6 விநாடியில் வென்றார்.

கேள்வி கேட்டவர்: அப்போ திட்டம் சரி, பிட்தான் சொதப்பல். நன்றி!

பதில் 2: ஆமாம். அவருடைய ஐந்தாவது உலக சாம்பியன் பட்டமும் அன்றே உறுதியானது.