மறு: சீமை அத்தியில் வேருக்கு எல்லை வைப்பது: ஒரு சொல் வேண்டும்

வணக்கம்.

சீமை அத்தியை, அதாவது பழத்துக்காக வளர்க்கும் அத்தியை, வேர் பரவிப்போகாதபடி சுவரிட்ட குழியிலோ தொட்டியிலோ நடும் முறைக்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். இழை நீண்டுவிட்டதால், நண்பர்கள் எழுதியதை மேற்கோளாக வைத்து இடையிடையே பதில் எழுதுகிறேன்.

> 'வேர்க்கட்டுப்பாடு' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறு ஏதோ புரியும். பூச்சிக் கட்டுப்பாடு, களைக் கட்டுப்பாடு என்று கேட்டுப் பழகிய காது, வேர்தான் இங்கே தொல்லை, அதை ஒழிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். நாம் செய்வது அது இல்லை. சீமை அத்தியை நல்ல மண்ணில் இஷ்டத்துக்கு விட்டால் வேர் ஆழத்தைவிட அகலத்தில்தான் ஓடும். நிழல் வட்டத்தையும் தாண்டிப் போகும். மேலே அதற்கு ஈடாகக் கொப்பும் இலையுமாகத் தள்ளும், காய் பின்வாங்கும். தழைச்சத்து மிகுந்த மண்ணானால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் கல்பலகை இறக்கிய குழியிலோ தொட்டியிலோ நடுகிறோம். வேருக்கு ஒரு கெடுதலும் இல்லை. உனக்கு இவ்வளவுதான் இடம் என்று சொல்லிவைக்கிறோம், அவ்வளவே.

> வேர்க்கட்டு? சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் அத்தி வளர்ப்பவரிடம் 'வேரில் கட்டு' என்று சொல்லிப் பாருங்கள், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவார். மண்ணில் வாழும் நுண்ணிய நூற்புழு தாக்கினால் வேர் மணிமணியாக வீங்கும். அதைத்தான் வேர்முடிச்சு என்கிறோம். மணற்பாங்கான மண்ணில் சீமை அத்திக்கு அதைவிடப் பெரிய எதிரி குறைவு. நோய்க்கும் வளர்ப்பு முறைக்கும் ஒரே சாயலில் பெயர் வேண்டாம்.

'வேரடைப்பு' என்று இன்னொரு நண்பர் சொன்னார். மாரடைப்பு நினைவுக்கு வருவதைக்கூட விட்டுவிடலாம். அத்தி வேர் சாக்கடைக் குழாய்க்குள் புகுந்து தண்ணீரை நிறுத்துவது உண்டு; வேரடைப்பு என்ற பெயர் அதற்குத்தான் கச்சிதம். 'வேர்த்தடுப்பு' என்பதிலோ திசை குழம்புகிறது. பக்கத்து மரத்தின் வேர் உள்ளே வராமல் தடுப்பதா, நம் மரத்தின் வேர் வெளியே போகாமல் தடுப்பதா?

சரி, என் முன்மொழிவு: வேர்வரம்பு.

வரம்பு என்றால் எல்லை, அளவு. இன்று பலருக்கும் அந்தப் பொருள்தான் தெரியும். ஆனால் வயல் வரப்புக்கும் அதுவே பெயர். இலங்கைத் தமிழில் வயல் வரம்பு என்பது இப்போதும் அன்றாடப் பேச்சு. ஆக, மண்ணுக்குள் நிற்கும் சுவரையும் குறிக்கும், அதனால் வேருக்கு வரும் அளவையும் குறிக்கும். குழியைச் சொல்ல ஒரு சொல், நிலையைச் சொல்ல ஒரு சொல் என்று இரண்டு தேட வேண்டியதில்லை. வினையாக்கினால் 'வேர்வரம்பிட்டு நடுதல்'. வாய்க்குக் கொஞ்சம் உருளுகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

> வரப்பு தரைக்கு மேலே இருப்பது. இது தரைக்குக் கீழே. பொருந்துமா?

நல்ல கேள்வி. இதற்கு என் அனுபவமே பதில். முதல் குழியில் பலகைகளை மண்மட்டத்தோடு நிறுத்திவிட்டேன், மேலே தடிமனாக மூடாக்கும் (ஈரம் காக்க மண்மேல் பரப்பும் சருகு, வைக்கோல்) போட்டேன். மூன்றாம் ஆண்டு மூடாக்கைக் கிளறினால், வேர்கள் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு பலகையைத் தாண்டித் தோட்டத்துக்குள் போயிருந்தன. சுவர் தரைக்கு மேலே 2.5 சென்டிமீட்டராவது தலைநீட்ட வேண்டும், மூடாக்கும் அந்த விளிம்புக்குக் கீழே அடங்க வேண்டும். மேலே தெரியாத வரம்பு வரம்பே இல்லை என்று அன்றுதான் புரிந்தது.

அளவு கேட்டவருக்கு: நீளம், அகலம், ஆழம் மூன்றும் 60 சென்டிமீட்டர். அடியில் 20 சென்டிமீட்டருக்கு உடைந்த செங்கல்லை நெருக்கிப் போடுங்கள். நீர் வடியும், வேர் எளிதில் கீழே இறங்காது. மீதி இடத்தில் கொள்வது ஏறக்குறைய 144 லிட்டர் மண். அந்த மண்ணை நம்பித்தான் மரம் பல ஆண்டுகள் நிற்கப்போகிறது. அதற்காகத் தொழுவுரத்தைக் கொட்டி நிரப்பினால் வேர்வரம்பிட்டதே வீண், மறுபடி இலைதான். சாதாரணத் தோட்டமண் போதும். ஆண்டுக்கு ஒருமுறை மேலாக மக்கு எரு. சிறிய இடம் என்பதால் சீக்கிரம் காயும்; காயவிட்டுத் திடீரென்று நிறையத் தண்ணீர் விட்டால் பழுக்கும் பழம் வெடிக்கும். இது சொல் விவாதம் என்பது நினைவிருக்கிறது, ஆனால் 'வேர்வரம்பு மண்' என்று ஒரு தொடர் வேண்டும் என்பதற்காகவே இதையெல்லாம் எழுதினேன். தோட்டத்து மற்ற மண்ணைப் போல அதை நடத்த முடியாது.

> அப்படியானால் தொட்டிக்குள் வேர் வட்டமடித்துச் சுருண்டு கிடப்பதும் வேர்வரம்புதானா?

இல்லை, அதைப் பிரித்தே ஆக வேண்டும். வரம்பு நாமாக வைப்பது. சுருண்டு கிடப்பது, வைத்துவிட்டுக் கவனிக்காததால் வருவது. அதற்கு 'வேர்நெரிசல்' என்று சொல்லலாம். தொட்டி அத்தியை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, ஓர வேரை நறுக்கி, புது மண் இட்டால் நெரிசல் வராது. வரம்பு மட்டும் அப்படியே இருக்கும். இந்த ஒரு வாக்கியத்தை வேர்க்கட்டுப்பாட்டை வைத்து எழுதிப் பாருங்கள், சிரமம் தெரியும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. துணிப்பையில் வளர்த்தால் வேர்நுனி பையின் ஓரத்துக்கு வந்ததும் காற்றுப்பட்டுக் காய்ந்து, உள்ளேயே கிளைக்கிறது. பை வேர்வரம்புதான், சந்தேகமில்லை. ஆனால் நுனி காய்ந்து நிற்கும் அந்தச் செயலுக்கு என்ன பெயர்? வயலைக் காயவிட்டுப் பிறகு நீர் பாய்ச்சுவதைப் பாசனத்தில் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று சொல்வதை நினைத்து 'நுனிக்காய்ச்சல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் அதைப் படித்துப் பார்த்தவர், மரத்துக்குக் கஷாயம் வைக்கட்டுமா என்று கேட்டார். வேறு யாராவது முயன்று பாருங்கள்.

அன்புடன்.