எஸ்ஆர்20 பிரிச்சாச்சு, பத்து லட்சம் எங்க போகவேணும்?

உவர்மலை எஸ்13:
1991 நிசான் சில்வியா (எஸ்13), எஞ்சின் டர்போ வைச்ச எஸ்ஆர்20டிஇடி, சிவப்பு மூடி. ஹெட் கஸ்கட் தண்ணிப் பக்கம் விட்டிட்டுது, டர்போ வாயில ஒயில் ஈரம். எஞ்சினை இறக்கிப் பிரிச்சாச்சு. கையில பத்து லட்சம், அதுக்கு மேல சதமும் இல்லை. கம்பெனி வலு 205. 250 எச்பியில நிண்டா போதும். ஹபரணை வரைக்கும் ஒரே மூச்சில போய் வரவேணும். ஃபோர்ஜ் (அடிச்சு உருவாக்கின, உறுதி கூடின) பிஸ்டன், ராட் போடு எண்டு ஒரு பக்கம், வேண்டாம் எண்டு இன்னொரு பக்கம். முதல் காசு எதுக்கு?

கொட்டியாரம்:
தம்பி, எஞ்சின் மேசையில கிடக்கேக்க பழைய பிஸ்டனைத் திரும்பப் போட்டா, பிறகு அதே கஸ்கட் செட்டுக்கும் அதே கூலிக்கும் இரண்டாம் தரம் காசு குடுப்பீர். எஸ்ஆர் பிஸ்டனில பலவீனமான இடம் முதலாம் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவில இருக்கிற மெல்லிய வரம்பு. நொக் அடிச்சா, அதாவது சிலிண்டருக்குள்ள பெற்றோல் கலவை தானா வெடிச்சா, அதுதான் முதல்ல உடையும். நிசான் இந்த எஞ்சினை டியூன் பண்ணினது ஜப்பான் ஹை-ஒக்டேனுக்கு. அங்க பம்பில வாறது 100 அளவு. எங்கட ஷெட்டில 92, இல்லாட்டி 95. நொக் வரும் எண்டு வைச்சுத்தான் கட்டவேணும். ஃபோர்ஜ் பிஸ்டன், எச்-பீம் ராட், ஹெட்டை இறுக்க கம்பெனி போல்ட்டுக்குப் பதிலா ஏஆர்பி ஹெட் ஸ்டட். மிச்சம் மெல்ல மெல்லச் செய்யலாம்.

சீனன்குடா லேத்:
அண்ணை சொன்ன பெற்றோல் கதை சரி, முடிவு பிழை. நொக் அடிக்கிற எஞ்சினில ஃபோர்ஜ் பிஸ்டன் தப்பும். கஸ்கட்டும் ராட் பெயாரிங்கும் தப்பாது. நொக்கை நிப்பாட்டுறது காத்துச் சூடு, டைமிங் (பிளக் பொறி அடிக்கிற நேரம்), பெற்றோல் அளவு. காசில பாதியைக் கீழ்ப்பாகத்தில (பிஸ்டன், ராட்) புதைச்சா இந்த மூண்டுக்கும் மிஞ்சாது.

கணக்கைப் பாருங்கோ. கம்பெனி இன்ஜெக்டர் 370 சிசி, நாலு. 85 வீதத்துக்கு மேல திறக்க விடாம ஓட்டினா நிமிசத்துக்கு 1258 சிசி, அதாவது மணிக்கு 56 கிலோ அளவு பெற்றோல். டர்போ எஞ்சின் ஒரு எச்பிக்கு மணிக்கு 250 கிராம் குடிக்கும் எண்டு வைச்சா 224 எச்பியோட அந்த இன்ஜெக்டரின்ர கதை முடிஞ்சுது. 550 சிசி போட்டா அதே கணக்கில 330 வரை போகும். கம்பெனி டி25 டர்போவும் உள்ள போற காத்தை அளக்கிற ஏர்ஃப்ளோ மீட்டரும் 250ஐ ஒட்டி மூச்சு வாங்கும். ஸ்டொக் பிஸ்டனும் ராட்டும் மட்டும்தான் நல்ல டியூனில 300ஐயும் தாங்கும். உங்கட இலக்குக்கு முட்டுக்கட்டையா நிக்காத சாமானை ஏன் முதல் மாத்துறது?

கொட்டியாரம்:
'தாங்கும்' எண்டது புது எஞ்சினுக்கு. முப்பது வருசம் தாண்டின அலுமினியப் பிஸ்டன், ரிங் பள்ளம் தேய்ஞ்சது. கச்சான் அடிக்கிற மாதங்களில மத்தியானம் இங்க எஞ்சின் உறிஞ்சிற காத்து என்ன சூடு? அதை டியூனால மறைக்கேலாது.

சீனன்குடா லேத்:
மறைக்கேலாது, குளிராக்கலாம். வெளிக் காத்து 34 பாகை எண்டு வையுங்கோ. கம்ப்ரசர் 70 வீதத் திறனோட 0.8 பாருக்கு அமுக்கினா வெளிய வாறது 114 பாகை. கம்பெனிப் பூஸ்ட் (டர்போ குடுக்கிற அழுத்தம்) 0.5 அளவில எண்டா 88. ஃபென்டருக்குள்ள கிடக்கிற அந்தச் சின்ன இன்டர்கூலர் ஏறின சூட்டில பாதியை எடுத்தாலும் 0.8இல எஞ்சினுக்குள்ள போறது 74. முன் பம்பருக்குள்ள நல்ல சைஸ் ஒண்டைப் போட்டு 70 வீதம் எடுத்தா 58. அந்த 16 பாகைதான் 95 ஒக்டேனில டைமிங்கைக் காப்பாத்துறது. கடல் பக்கம் ஓடுற கார் எண்டா அலுமினியச் செட்டையில உப்புப் படியும்; மழை இல்லாத மாதங்களில நல்ல தண்ணியால மெல்லக் கழுவவேணும், பிரஷர் கன் பிடிச்சா செட்டை மடியும்.

கிண்ணியா கராஜ்:
இன்டர்கூலரும் வேணாம், ஈசியுவும் (எஞ்சின் கம்ப்யூட்டர்) வேணாம். 1.8 மிமீ மெட்டல் ஹெட் கஸ்கட் போட்டா கம்ப்ரெஷன் (கலவையை அமுக்கிற விகிதம்) இறங்கும், 92லயும் ஓடும். செலவு கொஞ்சம்.

சீனன்குடா லேத்:
நானா, அது மலிவாத்தான் தெரியும். ஒரு சிலிண்டர் 499.5 சிசி, 8.5 கம்ப்ரெஷனுக்கு மேல் இடம் 66.6 சிசி. 1.2க்குப் பதிலா 1.8 போட்டா 3.5 சிசி கூடும், கம்ப்ரெஷன் 8.1க்கு வரும். கிடைக்கிறது அவ்வளவுதான். ஆனா பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் இருந்த நெருக்கம் போயிடும். அந்த நெருக்கம்தான் ஓரத்துக் கலவையை நடுவுக்குத் தள்ளி நொக்கைக் குறைக்கிறது. ஒரு கையால வாங்கி மற்றக் கையால குடுக்கிற வேலை. பூஸ்ட் ஏறமுதல் காரும் சோம்பும். 1.2லயே நில்லுங்கோ.

மெட்டல் கஸ்கட் போடுறதெண்டா முகப்புகள் வழுவழுப்பா இருக்கவேணும். உப்புத்தாள் தேய்ச்ச முகப்பில அது பிடிக்காது. ஹெட் வளைவு 0.1 மிமீக்கு மேல எண்டா சீவவேணும். ஹெட்டும் பிளொக்கும் சேர்த்து 0.2க்கு மேல சீவக்கூடாது, செயின் தளர்ந்து கேம் (வால்வைத் திறக்கிற தண்டு) டைமிங் பிந்தும்.

உவர்மலை எஸ்13:
ஹெட்டின்ர தண்ணித் துவாரங்களைச் சுத்தி அரிப்புக் குழிகள் இருக்கு. இந்தக் காருக்கு முந்தி ஊத்தினது கிணத்துத் தண்ணி.

கொட்டியாரம்:
அப்ப கஸ்கட் ஏன் போச்சு எண்டு தெரிஞ்சுபோச்சு. கரையோரக் கிணத்து உவர்த் தண்ணி அலுமினியத்துக்கு நஞ்சு. குழி கஸ்கட் வளையம் இருக்கிற இடத்துக்கு வந்திருந்தா வெல்டிங் அடிச்சுச் சீவவேணும், இல்லாட்டி வேற ஹெட். கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில தேடுறதெண்டா, வளைவு பாக்கக் கையில நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் கொண்டு போம். இனிமேல் காய்ச்சி வடிச்ச தண்ணியும் கூலன்டும் பாதிக்குப் பாதி. இதில லேத்துக்காரரோட எனக்குச் சண்டை இல்லை.

சீனன்குடா லேத்:
பிஸ்டன் சண்டையைத் தீர்க்கிறது போர் கேஜ், சிலிண்டர் விட்டத்தை அளக்கிற கருவி. மேல, நடு, கீழ மூண்டு இடத்தில, ஒவ்வொண்டிலயும் குறுக்கும் நெடுக்கும் அளவுங்கோ. வட்டக் குறைக்கு எல்லை 0.015, சரிவுக்கு 0.010 மிமீ. அதுக்குள்ள எண்டா ஹோன் பண்ணி (சிலிண்டர் சுவரை மெல்லத் தேய்ச்சு) புது ரிங். பள்ளத்தில ரிங் ஆடுதோ எண்டு ஃபீலரால பாத்து, பழைய பிஸ்டன். தாண்டினா 86.5க்குப் போர் பண்ணவேணும், எப்பிடியும் புதுப் பிஸ்டன் வாங்கவேணும், அப்ப கொட்டியாரம் அண்ணை சொன்னதே சரி: ஃபோர்ஜ் வாங்குங்கோ. 2022 சிசி ஆனதால வலு கூடும் எண்டு நம்பவேண்டாம்.

எந்தப் பிஸ்டன் எண்டாலும் மேல் ரிங் வாய் (ரிங்கின்ர இரண்டு நுனிக்கும் இடைவெளி) 0.43, இரண்டாவது 0.46 மிமீ அளவு. பெட்டியில வந்தபடி போட்டு, சூட்டில நுனி இரண்டும் முட்டினா ரிங் வரம்பையே பிச்சு எடுக்கும். ஆக்கள் 'நொக்கால உடைஞ்சது' எண்டு சொல்லுற பிஸ்டன் கொஞ்சம் உண்மையில இப்பிடிப் போனதுதான்.

கிண்ணியா கராஜ்:
கஸ்கட்டை விடுறன். ஆனா இரண்டு பேரும் பெரிய சாமானைப் பற்றியே கதைக்கிறீங்க, எஸ்ஆரைக் கொல்லுறது சின்னச் சாமான். கேமுக்கு மேல ஓடுற ஒயில் குழாயின்ர பேஞ்சோ போல்ட் (ஒயில் போற துளை உள்ள போல்ட்) தளர்ந்தா கேம் முகடு காய்ஞ்சு தேயும். கழட்டிக் கழுவி, புது வொஷரோட இறுக்குங்க. நிமிசத்துக்கு 7500 சுத்துக்கு மேல இழுத்தாலோ கியர் மாறி விழுந்தாலோ வால்வை அமுக்கிற ரொக்கர் ஆம் கழண்டு பறக்கும். ரொக்கர் ஸ்டொப்பர் மலிவு, போட்டுவிடுங்க. ஒயில் பானின்ர அடி நசுங்கியிருந்தா தட்டி எடுத்துப் பாருங்க, ஒயிலை உறிஞ்சிற பிக்கப் குழாயின்ர வாயை அது அடைக்கும். பெயாரிங் போன எஞ்சினில முதல்ல பாக்கவேண்டியது அதுதான்.

உவர்மலை எஸ்13:
அளந்தாச்சு. வட்டக் குறை கூடினது 0.012, சரிவு 0.008. ரிங் பள்ளம் பரவாயில்லை. ஹெட் வளைவு 0.08, குழி வளையத்தைத் தொடேல்லை.

சீனன்குடா லேத்:
பழைய பிஸ்டன். புது ரிங், மெயின், ராட் பெயாரிங், கம்பெனி ஹெட் போல்ட் புதுசு. ஹெட்டில அந்தக் குழிகளுக்காக முகம் பாக்கிற அளவு மட்டும் சீவல். மிச்சக் காசு இன்டர்கூலர், 550 இன்ஜெக்டர், 300இசட்எக்ஸ் ஏர்ஃப்ளோ மீட்டர், மணிக்கு 255 லீட்டர் பெற்றோல் பம்ப், டியூனை மாத்த கம்பெனி ஈசியுவுக்குள்ள நிஸ்டியூன் போர்ட். டர்போவுக்குக் கார்ட்ரிட்ஜ் (தண்டும் பெயாரிங்கும் உள்ள நடுப்பகுதி) மட்டும் மாத்தினா காணும்.

கொட்டியாரம்:
பிஸ்டனில தோத்திட்டன், போல்ட்டிலயும் டர்போவிலயும் இல்லை. ஹெட் இறங்கேக்கயே ஸ்டட் போடும், பிறகு போடுறதெண்டா திரும்ப ஹெட் கழட்டவேணும். டர்போவுக்கும் அதே கதை: கார்ட்ரிட்ஜ் காசோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா அடுத்த சில்வியா எஸ்14இன்ர டி28 டர்போ வரும், 0.8 பாரில டி25 மாதிரித் திணறாது.

சீனன்குடா லேத்:
டி28க்கு ஒயில், தண்ணிக் குழாய்களை மாத்தவேணும். பழைய டி28 வாங்கினா தண்டைப் பிடிச்சு முன்னுக்குப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கோ. கைக்கே ஆட்டம் தெரிஞ்சா அதுக்கும் ஒரு கார்ட்ரிட்ஜ் வேணும். ஸ்டட் கதையை ஏத்துக்கொள்ளுறன், ஏஆர்பி பேப்பரில சொன்ன கிரீஸ் போட்டு அதில சொன்ன இறுக்கத்துக்கு. முதல் ஸ்டார்ட்டுக்கு இன்ஜெக்டர் பிளக்கைக் கழட்டி, ஒயில் பிரஷர் ஏறும்வரை சுத்துங்கோ. டைமிங் 15 பாகை, லைட் வைச்சுப் பாத்தே ஓட்டுறது. வைட்பேண்ட் (புகையில காத்து-பெற்றோல் விகிதத்தை அளக்கிற மீட்டர்) மாட்டாம பூஸ்ட் ஏத்தவேண்டாம். பூஸ்டில காத்து-பெற்றோல் விகிதம் 11.5க்கும் 11.8க்கும் இடையில.

உவர்மலை எஸ்13:
கம்பெனிக் கிளச் தாங்குமோ?

கிண்ணியா கராஜ்:
புது டிஸ்க்கும் கவரும் எண்டா 250க்குத் தாங்கும். தேய்ஞ்சது எண்டா நாலாம் கியரில பூஸ்ட் ஏறேக்க வழுக்கும். கியர்பொக்ஸ் இப்ப வெளிய கிடக்குது, ஃப்ளைவீலைச் சீவி, ரிலீஸ் பெயாரிங்கையும் மாத்தி ஏத்துங்க.