பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு: மாதிரி கெட்டுப்போகும் இடங்களைப் பகிருங்கள்

களமேற்பார்வை
ஆய்வில் எல்லா வீட்டுக்கும் போக முடியாது, சில கிராமங்களையும் அவற்றில் சில வீடுகளையும் மாதிரியாக எடுக்கிறோம். கிராமத் தேர்வு வரைக்கும் குறையே சொல்ல முடியாது. தெருவுக்குள் இறங்கிய பிறகுதான் கெடுகிறது. பட்டியலில் 176 வீடு, தேவை 22, இடைவெளி 8. தற்செயலாக வந்த தொடக்க எண் 3. ஆக 3, 11, 19, 27 என்று போக வேண்டும். 11ஆம் வீட்டில் பூட்டு. அடுத்த வீட்டுத் திண்ணையில் இருக்கும் பாட்டி, "உள்ள வா கண்ணு, என்ன கேக்கணுமோ கேளு" என்கிறார். படிவம் நிரம்புகிறது. வீட்டு எண் என்ற கட்டத்தில் 11 என்றே விழுகிறது.

பகலில் பூட்டிக் கிடப்பது பெரும்பாலும் எல்லோரும் வேலைக்குப் போகும் வீடு. அதை விட்டுவிட்டு ஆள் இருக்கும் வீட்டையே எடுத்தால், பெண்கள் வேலைக்குப் போகும் விகிதம் உள்ளதைவிடக் குறைவாகத்தான் வரும். அறிக்கையில் நிகழ்தகவு மாதிரி (ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த வாய்ப்பு தந்து குலுக்கி எடுப்பது) என்று எழுதினாலும் அந்த வாசலிலேயே அது வசதி மாதிரி (கைக்குக் கிடைத்ததை எடுப்பது) ஆகிவிட்டது. தேசியக் குடும்ப நல ஆய்வில் கொத்துக்கு, அதாவது தேர்ந்தெடுத்த ஒரு கிராமத்துக்கோ நகரப் பகுதிக்கோ, 22 வீடு எடுப்பார்கள். மாற்று வீடு கிடையாது. மூன்று முறை போங்கள், ஒருமுறையாவது இருட்டிய பிறகு. அப்போதும் ஆள் இல்லையென்றால் 'பதில் இல்லை' என்று குறியுங்கள். 400 பதில் வேண்டும், 90 சதவீதம்தான் கிடைக்கும் என்றால் முதலிலேயே 445 வீடு தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

தடுப்பூசிக் கணக்கு
30 கொத்து, கொத்துக்கு 7 குழந்தை என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பழைய தடுப்பூசி ஆய்வு முறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊர் நடுவில் நின்று பென்சிலைச் சுழற்றுவது, அது காட்டும் திசையில் எல்லை வரை வீடுகளை எண்ணுவது, அதில் ஒன்றைக் குலுக்கி எடுப்பது, பிறகு அடுத்தடுத்த வீடு. 12 முதல் 23 மாதக் குழந்தைகள் 7 பேர் சேர்ந்ததும் நிறுத்திவிடலாம்.

கோவில் வாசலில் சுழலும் அந்தப் பென்சில்தான் உறுத்துகிறது. நடுவில் உள்ள வீட்டுக்கு வாய்ப்பு அதிகம், ஓரத்து வீட்டுக்குக் குறைவு. எவ்வளவு குறைவு என்று யாராலும் கணக்கிட முடியாது, அதனால் எடையிட்டு, அதாவது வாய்ப்பு குறைந்த வீட்டின் பதிலுக்குக் கூடுதல் மதிப்பு தந்து, சரிசெய்யவும் வழியில்லை. ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் காலனி எண்ணிக்கைக்குள்ளேயே வராமல் போகலாம். ஊசி விடுபட்ட குழந்தைகளைத் தேட வேண்டிய இடமே அதுதான். அந்த நிறுவனத்தின் 2018 கையேட்டில் இந்த முறையைக் கைவிட்டு, வீட்டுப் பட்டியல் எடுத்துத் தேர்வு செய்யச் சொல்லிவிட்டார்கள்.

புலம்பெயர் தொழிலாளர் ஆய்வு
பட்டியல் எடு என்று சொல்வது சுலபம் சார். திருப்பூர் பனியன் கம்பெனி விடுதிகளில் இருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு எந்தப் பட்டியலை எடுப்பீர்கள்? காப்பாளரிடம் கேட்டால், நன்றாகப் பேசும் 10 பேரைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்துவார். அது அவருடைய மாதிரி, உங்களுடையது அல்ல.

இங்கே பனிப்பந்து முறையை (ஒருவர் தனக்குத் தெரிந்தவர்களைக் காட்ட, அவர்கள் இன்னும் சிலரைக் காட்டுவது) கேவலமாகப் பார்க்கக் கூடாது, ஒழுங்காகச் செய்ய வேண்டும். சமூகவியலாளர் ஹெக்கதார்ன் 1997இல் முன்வைத்த பதிலாளர் வழி மாதிரியில், தெரிந்தவர்களை அழைத்துவர ஒருவருக்கு 3 கூப்பன்தான் தருவது வழக்கம். எண் போட்டுக் கொடுங்கள். யார் யாரை அனுப்பினார் என்பது பதிவாக வேண்டும். "இந்த ஊரில் உங்களுக்குத் தெரிந்த, உங்களையும் தெரிந்த தொழிலாளர் எத்தனை பேர்?" என்ற கேள்வியை விடவே கூடாது. பழக்கம் அதிகம் உள்ளவர் மாதிரிக்குள் எளிதில் வந்துவிடுவார். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அவர் எடையைக் குறைக்க முடியும். இந்த இரண்டும் இல்லையென்றால் அது வெறும் பனிப்பந்துதான், சதவீதம் போடாதீர்கள்.

ஆய்வேடு திருத்துபவர்
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மாதிரி அளவாக 384 என்ற எண்ணை ஆய்வேட்டில் எழுதுமுன் அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1.96இன் (95 சதவீத நம்பகத்துக்கான எண்) வர்க்கத்தை 0.25ஆல் பெருக்கி, 0.05இன் (அனுமதிக்கும் பிழை எல்லை) வர்க்கத்தால் வகுத்தால் வருவது. முழுப் பட்டியலிலிருந்து ஆள் ஆளாகக் குலுக்கி எடுக்கும் எளிய தற்செயல் மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். அந்த எண்ணைப் போட்டுவிட்டு, கூகுள் ஃபார்மை நான்கு வாட்ஸாப் குழுவில் தட்டிவிட்டு, "5 சதவீதப் பிழை எல்லை" என்று எழுதுகிறார்கள். 384 பேர் என்ன, 3,840 பேர் வந்தாலும் அந்தப் பிழை எல்லைக்கு அர்த்தமில்லை.

கொத்தாக எடுத்தாலும் 384 போதாது. கொத்துக்கு எத்தனை பேரோ அதில் ஒன்றைக் கழித்து, உள்ளொற்றுமைக் கெழுவால் (ஒரே கொத்தில் இருப்பவர்கள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்ற அளவு) பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். வரும் எண்ணால் 384ஐப் பெருக்குங்கள். கொத்துக்கு 22 பேர், கெழு 0.05 என்றால் 2.05, தேவை 788. கொத்துக்கு 10 பேராகக் குறைத்தால் 1.45, 557 போதும். ஊர்களைக் கூட்டினால் பயணச் செலவு ஏறும், தேவையான மாதிரி அளவு இறங்கும். அந்தக் கணக்கை முதலில் போடுங்கள்.

எத்தனை சதவீதம் என்பது கேள்வியென்றால் நிகழ்தகவு மாதிரி வேண்டும். ஏன், எப்படி என்பது கேள்வியென்றால் நோக்க மாதிரி (விஷயம் தெரிந்தவர்களைத் தெரிந்தே தேர்வது) போதும். அதை அந்தப் பெயரிலேயே எழுதுங்கள். வினாத்தாளைச் சோதிக்கும் 20, 30 பேருக்குக் குலுக்கல் தேவையே இல்லை.

பட்டியல் எடுப்பவர்
முதல் பதிவில் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. பூட்டிய வீடு வேறு, குடியில்லாத வீடு வேறு. குடியில்லாததை 'பதில் இல்லை' என்று சேர்த்தால் பதில் விகிதம் பொய்யாகக் குறையும். பக்கத்தில் விசாரித்து, தனிக் குறியீடு போடுங்கள்.