கோரஸ் வேலையா, ஓபரா ஸ்டூடியோவா? தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். ஓபரா பாடகர்கள் யாராவது இங்கே இருந்தால் உங்கள் உதவி வேண்டும். தங்கை ஜெர்மனியில் பாட்டில் முதுகலை முடிக்கப் போகிறாள். ஒரு அரங்கின் கோரஸில் (குழுவாகப் பாடுபவர்கள்) நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது, இன்னொரு அரங்கின் ஓபரா ஸ்டூடியோவில் (இளம் பாடகர்களுக்கான பயிற்சித் திட்டம்) இரண்டு வருட இடமும் கிடைத்திருக்கிறது. ஸ்டூடியோவில் பணம் குறைவு, ஆனால் சின்ன வேடமென்றாலும் தனியாகப் பாடலாம். கோரஸில் மாதச் சம்பளம் உறுதி, அப்புறம் அதிலிருந்து தனிப்பாடகி ஆவது கஷ்டம் என்கிறார்கள். உண்மையா?

இதைவிடப் பெரிய கவலை அவள் குரல்வகை. ஜெர்மன் அரங்குகளில் 'ஃபாக்' என்று குரலை வகை பிரித்துத்தானே வேடம் தருகிறார்கள். இவளை மெஸ்ஸோ (பெண்களின் நடுத்தரக் குரல்) என்று பழக்கியிருக்கிறார்கள், ஆனால் மேல் சுரங்களில் குரல் தானாகத் திறந்து மின்னுகிறது, கீழே இறங்கினால், மைக் கிடையாதே, ஆர்கெஸ்ட்ரா அப்படியே மூடிவிடுகிறது. புகழ்பெற்ற ஓபரா பாடகர் பிளாசிடோ டொமிங்கோவே பாரிட்டோனாக (ஆண்களின் நடுத்தரக் குரல்) தொடங்கி டெனர் (அதைவிட உயர்ந்த ஆண் குரல்) ஆனவர்தான், அதனால் மாறுவது தப்பில்லை என்றே நினைக்கிறேன்.

மெஸ்ஸோவிலிருந்து சொப்ரானோவுக்கு (பெண்களின் உயர்ந்த குரல்) மாறியவர்கள் எந்த வயதில் மாறினீர்கள்? தினமும் கோரஸில் பாடிக்கொண்டே மாற முடியுமா? இந்த மாதக் கடைசிக்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும்.