புதுப்பிப்பு: ஆல்ப்ஸ் மலையில் பார்த்த வெள்ளைப் பூவும் மஞ்சள் பூவும்

போன முறை மூன்று படங்களைப் போட்டு, எல்லாம் பல்சட்டில்லா அல்பினா என்ற ஒரே மலைப் பூச்செடிதான், மஞ்சளாக இருப்பது வயதான பூ என்று எழுதியிருந்தேன். அது தவறு. செடியின் பெயர் சரி, மஞ்சளுக்கு நான் சொன்ன காரணம்தான் பிசகு.

மஞ்சள் பூ ஏபியிஃபோலியா என்ற துணையினம், அதாவது அதே இனத்துக்குள் ஒரு உட்பிரிவு. வெள்ளைப் பூவில் இதழ்களின் வெளிப்புறம் லேசாக நீலம் ஓடியிருந்தது. அது இனத்தின் பெயரையே கொண்ட அல்பினா துணையினம். (இதழ் என்று பழக்கத்தில் சொல்கிறேன். உண்மையில் அவை புல்லி இதழ்கள், இந்தப் பூவுக்கு அல்லி இதழ்களே கிடையாது.) இலையை வைத்துப் பிரிக்கலாம் என்று ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். இரண்டுமே நன்றாகப் பிளவுபட்ட இலைகள், ஒன்றும் தேறவில்லை. காய்களும் அப்படித்தான், இரண்டிலும் அதே இறகு போன்ற வால்.

உதவியது பாறைதான். அல்பினாவுக்குச் சுண்ணாம்புக்கல் நிலம் பிடிக்கும், ஏபியிஃபோலியாவுக்கு அமிலத்தன்மையுள்ள மண். இரண்டு இடத்திலிருந்தும் சிறு கற்கள் பையில் இருந்தன. சுரண்டி வினிகர் விட்டேன், சுண்ணாம்புக்கல் என்றால் நுரைக்கும். வெள்ளைப் பூ பக்கத்துக் கல் நுரைத்தது, மஞ்சள் பூ பக்கத்துக் கல் சும்மா கிடந்தது. அப்போது வந்த சந்தோஷம் கொஞ்சம் அதிகம்தான்.

சரி, மூன்றாவது படம்? வெளிர் மஞ்சள், கிட்டத்தட்ட வெள்ளை. அங்கே கல் எடுக்கவில்லை. ஆல்ப்ஸில் அமில மண்ணில் வளரும் வெள்ளைப் பூத் துணையினமும் உண்டு என்பதால் நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் வைக்க மனமில்லை. அதற்கு இனப்பெயரோடு நிறுத்திவிட்டேன்.